தளத்துக்கு வராத உறவினர்களுக்கு

வணக்கம் நேயர்களே.

குடும்ப வரலாற்றைத் தேடித் தொகுத்து ஓர் இணையதளமாக வைத்திருப்பவர்கள் சிலராவது இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தளம் தொடங்கிய வாரத்தில் உறவினர் அத்தனை பேரும் வந்து பார்க்கிறார்கள். பெரியப்பா தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். அத்தை தன் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னிடம் இதைவிட நல்ல படம் இருக்கிறதே" என்கிறார். அதோடு சரி. சில மாதங்கள் கழித்து, பழைய கப்பல் பயணிகள் பட்டியல் ஒன்றில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்து நீங்கள் தளத்தில் ஏற்றும்போது, அதைப் பார்க்க ஒருவரும் இருப்பதில்லை.

உறவினர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எப்போது மாறும் என்றே தெரியாத ஒரு பக்கத்தை யார்தான் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? புதிய செய்தி அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு பழைய, எளிய வழி இருக்கிறது. அதன் பெயர் செய்தியோடை. ஆர்.எஸ்.எஸ். (RSS), ஆட்டம் (Atom) என்பவை அதன் இரண்டு வடிவங்கள்.

வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். குழுவில் போடுங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே உங்கள் கண்டுபிடிப்பு, காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே ஒரு மணி நேரத்தில் மேலே போய் மறைந்துவிடும். அடுத்த ஆண்டு குழுவில் சேரும் அக்கா மகனுக்கு அது கண்ணிலேயே படாது. அதோடு, பதில் போட வேண்டுமே என்ற சங்கடமும் குழுவில் உண்டு. ஓடையில் அது கிடையாது. வேண்டுமானால் படிக்கலாம், வேண்டாமென்றால் சந்தாவை விலக்கிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது, யார் மனமும் நோகாது. குடும்பத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஓடை என்பது உங்கள் தளத்தில் இருக்கும் ஒரு சிறு கோப்பு. கடைசியாகச் சேர்த்த சில பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, சுருக்கம், தேதி ஆகியவை, கணினிகள் எளிதாகப் படிக்கும் எக்ஸ்.எம்.எல். என்ற வடிவத்தில் அதில் இருக்கும். உறவினரின் கைபேசியிலோ கணினியிலோ உள்ள ஓடை வாசிப்பான், அதாவது ஓடைகளைப் படித்துக் காட்டும் செயலி, அவ்வப்போது அந்தக் கோப்பை எட்டிப் பார்க்கும். ஓடையின் முகவரியை ஒருமுறை அதில் கொடுத்துவைப்பதுதான் சந்தா. புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துக் காட்டும். மாற்றம் எதுவும் இல்லையென்றால், சரியாக அமைந்த வழங்கி, அதாவது தளம் இருக்கும் கணினி, "304, மாற்றமில்லை" என்று மட்டும் பதில் சொல்லும், கோப்பைத் திரும்ப அனுப்பாது. உறவினர்களின் மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண் எதையும் நீங்கள் சேர்த்து வைத்துப் பாதுகாக்கத் தேவையில்லை.

இது 1999-இல் வந்த ஏற்பாடு. இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த ராமநாதன் குஹாவும் டான் லிபியும் முதல் வடிவத்தை உருவாக்கினார்கள். இன்று பெரிதும் புழங்கும் ஆர்.எஸ்.எஸ். 2.0 வந்தது 2002-இல். ஆட்டம் வடிவம் 2005-இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற தன் ஓடை வாசிப்பான் சேவையை மூடியபோது, ஓடையின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்கள் பெரும்பாலும் இதே ஆர்.எஸ்.எஸ். ஓடையில்தான் இன்றும் வருகின்றன. ஃபீட்லி, இனோரீடர், நெட்நியூஸ்வயர் என்று வாசிப்பான்களும் இருக்கின்றன. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியிலேயே ஓடையைப் படிக்கலாம்.

அமைப்பது பெரிய வேலையில்லை. உங்கள் தளம், இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இருந்தால் ஓடை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. தள முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் ஃபீட் (feed) என்று சேர்த்துப் பாருங்கள். நீங்கள் எதையும் மாற்றாதவரை கடைசி 10 பதிவுகள் அதில் இருக்கும்.

அந்த ஓடையில் எதை விடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். குடும்ப மரம் வரையும் மென்பொருள்கள் சிலவற்றில், அண்மை மாற்றங்களைத் தானாகவே ஓடையாக்கும் வசதி இருக்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் குடும்ப வரலாற்று ஆய்வில் தரவு கொத்துக் கொத்தாக வரும். இன்னொரு கிளையைச் சேர்ந்தவர் ஒரு ஜெட்காம் கோப்பு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப மரத் தரவைப் பரிமாறிக்கொள்ள 1984-இல் வந்த கோப்பு வடிவம் அது. அதை ஏற்றியதும் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரே நேரத்தில் சேரும். தானியங்கி ஓடை அத்தனையையும் தனித்தனிச் செய்தியாகத் தள்ளிவிடும். அன்று மாலையே பாதிப் பேர் சந்தாவை விலக்கிக்கொள்வார்கள். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட அதுவும் ஒரு செய்தியாகப் போய் நிற்கும்.

ஆகவே கையால் எழுதுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு செய்தி போதும். "புதிய தகவல்கள் சேர்க்கப்பட்டன" என்ற தலைப்பை யாரும் திறப்பதில்லை. "பாட்டியின் அக்கா படித்த பள்ளியின் பதிவேடு கிடைத்தது" என்றால் திறப்பார்கள். கீழே ஒரு கேள்வியும் வையுங்கள்: படத்தில் வலது ஓரத்தில் நிற்கும் சிறுவன் யார்? வெறும் பார்வையாளராக இருந்த மாமா அன்றைக்குத்தான் தொலைபேசியை எடுப்பார்.

தேதி விஷயத்தில் கவனம் தேவை. ஓடையில் போட வேண்டியது நீங்கள் வெளியிட்ட தேதி. வரலாற்று ஆர்வத்தில் சிலர் அங்கே நிகழ்ச்சி நடந்த தேதியைப் போட்டுவிடுகிறார்கள். 1887-இல் நடந்த திருமணத்துக்கு 1887 என்றே தேதியிட்டால், தேதி வரிசைப்படி அடுக்கும் வாசிப்பான் அந்தச் செய்தியைப் பட்டியலின் அடியாழத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நடந்த ஆண்டைத் தலைப்பில் சொல்லுங்கள்.

திருத்தங்களுக்கும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆய்வில் திருத்தம் வராமல் இருக்காது. தங்கை என்று எழுதியவர் அக்காவாக இருந்திருப்பார், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்திருப்பார்கள். பழைய பதிவை மட்டும் மாற்றிவிட்டு நீங்கள் நிம்மதியாக இருந்தால், ஏற்கெனவே படித்தவர்களுக்கு அந்த மாற்றம் தெரியாமலே போகலாம். படித்து முடித்த பதிவை எல்லா வாசிப்பான்களும் மறுபடி எடுத்துக் காட்டுவதில்லை. எதை எப்படி எழுதியிருந்தோம், எந்த ஆவணத்தைப் பார்த்து மாற்றினோம் என்று திருத்தத்தையே ஒரு புதிய பதிவாகப் போடுங்கள். என் கணக்கில், ஒரு குடும்பத் தளத்தின் மேல் நம்பிக்கை வருவது இந்தத் திருத்தப் பதிவுகளால்தான்.

இன்னொன்று, ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் ஓர் அடையாளக் குறி இருக்கும். வாசிப்பான் அதை வைத்துத்தான் பழையது எது, புதியது எது என்று பிரிக்கிறது. தளத்தை வேறு முகவரிக்கு மாற்றும்போது அந்தக் குறிகளும் மாறிப்போனால், பழைய பதிவுகள் புதுச்செய்தி வேடத்தில் மறுபடி வந்து நிற்கும். இறந்து பல ஆண்டுகள் ஆனவரின் மறைவுச் செய்தி நேற்று நடந்ததுபோல் ஒருவர் கைபேசியில் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உயிரோடு இருப்பவர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தளத்தில் ஒரு பக்கத்தை அழித்தால் அது அங்கே இருக்காது. ஓடையில் போனது அப்படியல்ல. ஒவ்வொரு சந்தாதாரரின் கருவியிலும், இணையவழி வாசிப்பான் நிறுவனங்களின் வழங்கிகளிலும் அதன் நகல் உட்கார்ந்திருக்கும், திரும்ப வாங்க வழியில்லை. பிறந்த தேதி, அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், முதலில் படித்த பள்ளி என்று வங்கிகள் அடையாளம் சரிபார்க்கக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஒரு குடும்ப மரத்தில் விடை கிடைக்கும். எனவே உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய எதையும் ஓடையில் விடாதீர்கள். அவர்களே சரி என்று சொன்னால் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம். குடும்ப மரத்தில் நீங்கள் வைத்திருக்கும் மறைப்பு அமைப்பு ஓடைக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள், திறந்து பாருங்கள்.

கடவுச்சொல் போட்டுப் பூட்டலாமே என்றால், பூட்டிய ஓடையைத் திறக்கத் தெரியாத வாசிப்பான்கள் நிறைய இருக்கின்றன. யாரும் ஊகிக்க முடியாத நீண்ட முகவரி வைப்பது இன்னொரு வழி. யாராவது ஒருவர் அதை இன்னொருவருக்கு அனுப்பும்வரை அது ரகசியம்.

இறந்தவர்கள் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். தன் அப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்திருந்தது என்பதைச் சித்தி கைபேசித் திரையில் ஒரு தலைப்பாகப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. தத்து, பிரிவு, சிறைவாசம் போன்றவற்றை முதலில் நேரில் சொல்லுங்கள். ஓடைக்கு அப்புறம் வரலாம், வராமலும் இருக்கலாம்.

வானொலியில் பேசுவதால் குரலைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 2000 டிசம்பரில் வந்த ஆர்.எஸ்.எஸ். 0.92 வடிவத்தில், பதிவோடு ஒலிக்கோப்பை இணைக்கும் வசதியை டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் சேர்த்தார். பாட்காஸ்ட் அதன்மேல்தான் எழுந்தது. பாட்டி தன் சின்ன வயதைப் பற்றிப் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சொன்னதற்கு இது ஒன்று மட்டும் விலக்கு: அவர் சம்மதத்தோடு, ஐந்து நிமிடத் துண்டுகளாக்கி ஓடையில் இணையுங்கள். எழுத்தைப் படிக்கச் சலிக்கும் இளையவர்கள் பயணத்தில் கேட்பார்கள். எழுத்தில் வராத இழுவையும் சிரிப்பும் அதில் இருக்கும்.

வாசிப்பான் என்றாலே தலையைத் திருப்பிக்கொள்ளும் உறவினர்களும் உண்டு. ஓடையை மின்னஞ்சலாக மாற்றி அனுப்பும் சேவைகள் இருக்கின்றன, அவர்களை அதில் சேர்த்துவிடுங்கள். ஒரே எச்சரிக்கை, நடுவில் நிற்கும் சேவை என்றும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அப்படி ஒரு சேவையான ஃபீட்பர்னரை நம்பிப் பலர் இருந்தார்கள். 2021-இல் அதன் மின்னஞ்சல் சந்தா வசதி நின்றுபோனது. வாசிப்பான் வைத்திருப்பவர்களுக்கு உங்கள் சொந்தத் தளத்தின் ஓடை முகவரியையே கொடுங்கள்.

முகவரியை ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் இலவச ஓடை சரிபார்ப்புச் சேவையில் அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிழை இருந்தால் எந்த வரி என்றே காட்டிவிடும். பிறகு நீங்களே உங்கள் ஓடைக்கு முதல் சந்தாதாரராகுங்கள், முடிந்தால் இரண்டு வெவ்வேறு வாசிப்பான்களில். படம் வருகிறதா, தமிழ் எழுத்து உடையாமல் தெரிகிறதா, வெளியே போகக் கூடாதது எதுவும் போயிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

நன்றி, வணக்கம்.