அவனும்தானே சிரித்தான்!

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தக்கலையிலும் சுற்று ஊர்களிலும் இருந்து வந்து பந்தலை நிறைத்திருக்கும் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இனத்தை வைத்துச் சொல்லும் நகைச்சுவை இனவெறியா, வெறும் சிரிப்பா என்பது இன்றைய கேள்வி. இனவெறிதான் என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய அண்ணன், “கலைவாணர் பிறந்த குமரி மாவட்டத்தில் நின்றுகொண்டு சிரிப்பின் மேல் வழக்குப் போடலாமா?” என்று கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டார். அண்ணே, ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனை நீங்களே சாட்சிக்குக் கூப்பிட்டது எனக்கு ரொம்ப வசதி. அவர் எதைக் கேலி செய்து பெயர் வாங்கினார்? மூடநம்பிக்கையை, போலிப் பெருமையை. ஒருவன் நினைத்தால் இன்றைக்கே விட்டுவிடக்கூடிய விஷயங்கள் அவை. தோலையும் மூக்கையும் பிறந்த ஊரையும் எவன் விட முடியும்? (பட்டிமன்ற மேடைகளில் கறுப்பு மாப்பிள்ளை ஜோக் எத்தனை ஓடுகிறது என்று கணக்கெடுத்தால் எங்கள் அணியும் தலைகுனிய வேண்டிவரும். நடுவர் முறைக்கிறார், மேலே போகிறேன்.)

அண்ணனின் அடுத்த வாதம்: “கேலி செய்யப்பட்டவனே சிரிக்கிறான், உங்களுக்கு என்ன வலி?” இதற்குத்தான் நான் முக்கியமாகப் பதில் சொல்ல வந்தேன். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ராத்திரி ஒரு பரோட்டாக் கடைக்குப் போங்கள். அசாம் பையன் ஒருவன் இலை போட்டுத் தண்ணீர் வைப்பான். “ஏலே நேபாளி, ஊர்ல பாம்பு சுட்டுத் தின்பியாமே?” என்று ஒருவர் கேட்பார். மேசையே சிரிக்கும். பையனும் சிரிப்பான். ஏன் சிரிக்கிறான்? கல்லாவில் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தைச் சுளித்தால் வேலை போகும். வேலை போனால் தங்கும் இடமும் போகும், ஏனென்றால் அவன் படுப்பது கடை மாடியில். சிரிக்காமல் இருக்கும் சுதந்திரம் இல்லாதவன் சிரித்த சிரிப்பை எப்படி ஐயா சம்மதம் என்று கணக்கில் எழுதுவது?

இது நமக்குத் தெரியாத வலியா என்ன? திருவனந்தபுரத்துக்குக் கொத்து வேலைக்கும் படிப்புக்கும் போய்வந்தவர்கள் இந்தப் பந்தலில் நிறைய பேர் இருக்கிறீர்கள். அங்கே தமிழனை இளக்காரமாக ‘பாண்டி’ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். அதே ஆள் சென்னைக்குப் போய் வாயைத் திறந்தால், “நீங்க மலையாளியா?” என்று அவன் பேச்சை அவனிடமே நடித்துக் காட்டுவார்கள். மலையாளப் பக்கம் இருந்த நம் குமரி 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது; இரண்டு பக்கக் கேலியும் இன்னும் நம்மை விடவில்லை. இவ்வளவு வாங்கிய நாம்தான் அந்த அசாம் பையனுக்கு அதையே திருப்பிக் கொடுக்கிறோம். எனக்கு இதுதான் ஆறவில்லை.

“ஜோக் ஜோக்கோடு போய்விடும்” என்றும் சொன்னார்கள். போவதில்லை. அமெரிக்காவில் 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மனிதரைக் கோமாளியாக்கி ஆடிப் பாடினார். அந்தப் பாத்திரத்தின் பெயர் ஜிம் க்ரோ. கூட்டம் அலைமோதியது. பிற்பாடு தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி என்று பிரித்து வைத்த சட்டங்களுக்கு என்ன பெயர் நிலைத்தது தெரியுமா? ஜிம் க்ரோ சட்டங்கள். மேடைக் கோமாளியின் பெயர் சட்டத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அதை உடைக்க 1964லும் 1965லும் புதுச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. அந்தச் சட்டங்களை ஜோக் மட்டுமே கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதனைப் பார்த்துச் சிரித்துப் பழகிய ஊருக்கு, அவனைத் தனியாக உட்கார வைப்பது பெரிய அநியாயமாகத் தெரியாது.

அமெரிக்கா தூரமாக இருந்தால் டெல்லிக்கு வாருங்கள். 2014 ஜனவரி, லாஜ்பத் நகர். நிடோ டானியா என்ற அருணாசலப் பிரதேச மாணவர். ஒரு கடையில் அவருடைய தலைமுடியையும் தோற்றத்தையும் கிண்டல் செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கோபத்தில் கண்ணாடியை உடைத்தார். அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். சிரிக்காதவனுக்கு என்ன நடக்கும் என்பது வடகிழக்கிலிருந்து வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றைக்கே புரிந்திருக்கும். அதன் பிறகு மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனத்தை இழிவுபடுத்தும் சொல்லையும் சைகையையும்கூடக் குற்றமாக்கச் சொன்னது.

சரி, “மனதில் கெட்ட எண்ணம் இல்லையே, சும்மா சொன்னதுதானே” என்பீர்கள். இனப் பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1965இல் கொண்டுவந்த உடன்படிக்கையை இந்தியாவும் 1968இல் ஏற்றது. பாகுபாடு எது என்று சொல்லும் இடத்தில், நோக்கம் மட்டும் போதும் என்று அது நிற்கவில்லை. நோக்கம் அல்லது விளைவு என்கிறது. சொன்னவன் மனதைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. கேட்டவனுக்கு என்ன ஆனது என்பதைப் பார்க்கலாம்.

அப்படியானால் ஊர்ப்பேச்சை வைத்துச் சிரிக்கவே கூடாதா? சிரிக்கலாம். குளச்சல்காரரும் நாகர்கோவில்காரரும் ஒருவர் பேச்சை ஒருவர் வாரிக்கொண்டு, ஒரே பெஞ்சில் டீ குடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே இவர் ஒன்று விட்டால் அவர் இரண்டு விடுவார். பதிலுக்குப் பதில் கிடைக்கிற இடம் அது.

எதிரணியில் அடுத்துப் பேசப்போகும் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பந்தலுக்குக் கால் நட்ட ஒடிசா தம்பிகள் ஜெனரேட்டர் பக்கம் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு ஜோக் சொல்லுங்கள். பிறகு மைக்கை அவர்களிடம் கொடுங்கள், நம்மைப் பற்றி, நம் நிறத்தை, நம் பேச்சை வைத்து அவர்களும் ஒன்று சொல்லட்டும். இந்தக் கூட்டம் அதற்கும் இதே மாதிரி சிரித்து, நாளைக்கும் அவர்களுக்கு வேலை கொடுத்தால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அக்கா பக்கமே எழுதிவிடுங்கள்.