சேமிச்சு வச்ச தொப்புள்கொடி ரத்தம் ஹர்லர் நோய்க்கு உதவுமா?

மார்த்தாண்டத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அக்கா மகனுக்கு ஒன்றரை வயசு, ஹர்லர்ங்கிற பரம்பரை நோய்னு உறுதி ஆயிட்டு. பிறந்தப்போ தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில பணம் கட்டிச் சேமிச்சிருக்காங்க. ஸ்டெம்செல் (ரத்த அணுக்களை உண்டாக்குற மூலச்செல்) சிகிச்சைக்கு அதையே ஏத்தலாமான்னு கேள்வி.

ஏத்த முடியாதும்மா. அதுவும் அதே பிள்ளையோட ரத்தம்தானே, அதே மரபணுக் கோளாறு அதுலயும் இருக்கு. விளம்பரத்துல இதைப் பெருசா சொல்ல மாட்டாங்க. ஆல்ஃபா-எல்-இடுரோனிடேஸ்ங்கிற என்சைம் இல்லாததால செல்லுக்குள்ள கழிவு தேங்கி கல்லீரல், இதய வால்வு, எலும்பு, கண், மூளைன்னு எல்லாத்தையும் பிடிக்குது. நோயில்லாத வேற ஆளோட ஸ்டெம்செல் எலும்பு மஜ்ஜையில பிடிச்சுட்டா, அதுல உண்டாகுற வெள்ளணுக்கள் போற இடமெல்லாம் அந்த என்சைமைச் சுரந்து பக்கத்துச் செல்லுக்கும் குடுக்கும். கொஞ்சம் மூளைக்குள்ளயும் குடியேறும். வாரா வாரம் ஏத்துற என்சைம் மருந்தால மூளைக்குள்ள போக முடியாது.

கூடப் பிறந்த பிள்ளை இருந்தா எச்எல்ஏ பொருத்தம் (செல்லோட மேற்பரப்பு அடையாளம் ஒத்துப்போகுதான்னு பார்க்குற டெஸ்ட்) பாருங்க, நாலுல ஒரு வாய்ப்பு. பொருந்திட்டாலும் அந்தப் பிள்ளையோட என்சைம் அளவையும் பார்க்கச் சொல்லணும். நோயில்லாத உடன்பிறப்புல மூணுல ரெண்டு பேருக்குக் கோளாறு மறைவா இருக்க வாய்ப்புண்டு. அவங்க செல் பாதியளவு என்சைம்தான் தரும். அப்பா, அம்மா கதையும் அதேதான். பொது வங்கியில கிடைக்கிற இன்னொரு பிள்ளையோட தொப்புள்கொடி ரத்தம் இதுக்கு நல்ல வழி. கோளாறு மறைவாக்கூட இல்லாத பிள்ளையோடதான்னு என்சைம் பார்த்து எடுத்தா முழு அளவு கிடைக்கும், பொருத்தம் கொஞ்சம் குறைஞ்சாலும் தாங்கும்.

ரெண்டு வயசுக்குள்ள முடிக்கப் பாருங்க. மத்திய அரசோட 2021 அரிய நோய்க் கொள்கையிலயும் ஒரே தடவை சிகிச்சையில குணமாக்கக்கூடிய நோய்களுக்கான முதல் பிரிவுல அந்த வயசுதான் போட்டிருக்கு. உதவி 50 லட்சம் வரைக்கும். நமக்குக் கிட்டத்துல திருவனந்தபுரம் எஸ்ஏடி அரசு ஆஸ்பத்திரியில விசாரிங்க.

செல் ஏத்துறது ரத்தம் ஏத்துற மாதிரிதான். கஷ்டம் அதுக்கு முன்னாடி. புசல்ஃபான்ங்கிற கீமோ மருந்து குடுத்துப் பழைய மஜ்ஜையை அழிக்கணும். மருந்தளவு ரத்தத்துல குறைஞ்சா புதுசு பிடிக்காது, கூடுனா கல்லீரல் கெடும். உயிருக்கே ஆபத்து உண்டு, மறைக்க ஒண்ணுமில்ல. மயக்கம் குடுக்குறதும் லேசில்ல: நாக்கு பெருசு, கழுத்தெலும்பு உறுதியில்ல, மூச்சுக்குழாய் போட சிரமம். பழகின மயக்கவியல் டாக்டர் இருக்காங்களான்னு கேட்டுக்கோங்க.

வீட்டுக்கு வந்த பிறகு மாசக்கணக்கா எதிர்ப்புசக்தி குறைவாத்தான் இருக்கும். நம்ம ஊர்ல ரெண்டு மழைக்காலம், சுவர்ல பூஞ்சை பிடிக்கும். ரப்பர் ஷீட் காயப்போடுற இடம், தேங்காய்த் தொண்டுக் குவியல் பக்கம் பிள்ளையை விடாதீங்க. தோல்ல தடிப்பு, வயித்துப்போக்கு, கண் மஞ்சள் எது வந்தாலும் அன்னைக்கே கூப்பிடணும். முதுகு வளைவும் இடுப்பெலும்பும் இந்த சிகிச்சையில சரியாகாது, அதுக்கு எலும்பு டாக்டரைத் தனியா பார்த்துக்கிட்டே இருக்கணும்.