அவர்கள் ஓடவில்லை, நடந்தார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஊமைப்படம் என்றால் சாவி கொடுத்த பொம்மைகளைப் போல மனிதர்கள் விறுவிறுவென்று ஓடுவார்கள். சிறு வயதில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். பல படங்களில் அந்த ஓட்டத்துக்குக் காரணம் அந்த மனிதர்கள் அல்லர், பிற்காலத்தில் படச்சுருளைத் தவறான வேகத்தில் ஓட்டிய நாம்தான் என்று தெரிந்தபோது, சிரித்ததற்காக வருந்தினேன்.

பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் குடும்பத்துக்குப் புகைப்படத் தகடு செய்யும் தொழிற்சாலை இருந்தது. வேலை முடிந்து தொழிலாளர்கள் வாசலைத் தாண்டி வருவதை 1895இல் லூயி லூமியேர் படம் பிடித்தார். சுருளின் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். கருவியின் கைப்பிடியை நொடிக்கு இரண்டு முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுருளில் 8 அசையாப் படங்கள் பதியும், ஆக நொடிக்கு 16. ஐம்பது நொடியில் சுருள் தீர்ந்துவிடும். படம் பிடிப்பது, பிரதி எடுப்பது, திரையில் காட்டுவது மூன்றும் அந்த ஒரே கருவியின் வேலை. பிடித்த வேகத்திலேயே காட்டவும் முடிந்தது.

பேசும்படம் வந்ததும் நொடிக்கு 24 படம் என்பது வழக்கமாயிற்று. அந்த வேகத்தில் பழைய சுருளை ஓட்டினால் ஐம்பது நொடி முப்பத்து மூன்றாகச் சுருங்கும். வீடு திரும்பும் பெண் விரட்டப்பட்டவளைப் போலத் தெரிவாள்.

சரியான வேகத்தில் அதே படத்தைப் பாருங்கள். வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நீண்ட பாவாடை, தலையில் தொப்பி. சைக்கிளில் ஒருவர் வருகிறார், கால்களுக்கிடையே நாய் ஒன்று குறுக்கே புகுகிறது. இந்தக் காட்சியை மூன்று முறை எடுத்திருக்கிறார்கள். வண்டியில் பூட்டிய குதிரை ஒன்றா, இரண்டா, இல்லவே இல்லையா என்பதை வைத்து இன்று அடையாளம் சொல்கிறார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் பத்துப் படங்களைக் கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். நுழைவுச்சீட்டு ஒரு பிராங்க். அவற்றில் ஒன்றில் தாயும் தந்தையும் குழந்தைக்கு உணவூட்டுகிறார்கள். அன்று பார்த்தவர்களைக் குழந்தையைவிட அதிகம் வியக்க வைத்தது பின்னால் காற்றில் அசைந்த இலைகள் என்பார்கள். நாடக மேடையில் ஓவியம் தீட்டித் தொங்கவிட்ட திரையில் இலை அசைந்ததே இல்லையே! வேகம் கூடினால் அந்த இலைகள் படபடவென்று நடுங்கும். அவர்கள் வியந்த தென்றல் நமக்குக் கிடைக்காது.

இணையத்தில் இந்தப் படங்கள் கிடைக்கின்றன. தொழிற்சாலைப் படம் முழுமையாக இருந்தும் முப்பது நொடிகளில் முடிந்துவிட்டால், வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை பாருங்கள். மூன்று முறை எடுத்தவற்றில் ஒன்றில், கூட்டத்தில் வரும் பெண் ஒருத்தி பக்கத்தில் போகிறவளின் பாவாடையை விளையாட்டாகப் பிடித்து இழுக்கிறாள். ஓட்டத்தில் அது கண்ணில் படாது.