ஓடுகிற ரம்பத்தில் ஓர் அம்மானை

நேயர்களுக்கு வணக்கம். அம்மானை ஆட்டம் கேள்விப்பட்டிருப்பீர்கள். காய்களை மேலே வீசி, கீழே விழாமல் மாற்றி மாற்றிப் பிடிப்பது. அந்தக் காய்கள் இருக்கிற இடத்தில் மரம் அறுக்கிற செயின் சா மூன்றை வைத்துப் பாருங்கள். மூன்றிலும் இன்ஜின் ஓடுகிறது. கனடாக்காரர் இயன் ஸ்டூவர்ட் 2011-இல் இப்படி 94 முறை பிடித்துக் கின்னஸில் ஏறினார்.

கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த மெஷினுக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. இன்ஜினுக்கும் சங்கிலிக்கும் நடுவில் ஒரு கிளட்ச். வேகம் கூடினால்தான் அது விரிந்து சங்கிலியை இழுக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து விரலை எடுத்துவிட்டால் இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், சங்கிலி அப்படியே நிற்கும். மேடையில் முதலில் எதையாவது அறுத்துக் காட்டுவார்கள். அப்புறம் விரலை விலக்கிக்கொண்டு வீசுவார்கள். கூட்டத்துக்கு அந்த உறுமலே போதும்.

சரி, தலைகீழாகச் சுழலும்போது இன்ஜின் ஏன் அணைவதில்லை? பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். பழைய பைக்கில் இருக்கிற மிதவை வகை, நிமிர்ந்து இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இதில் இருப்பது டயாஃப்ரம் வகை, மெல்லிய சவ்வு அசைந்து பெட்ரோலைத் தரும். மரத்தில் ஏறி எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் அறுக்க வேண்டுமே, அதற்காகச் செய்த ஏற்பாடு. வித்தைக்காரருக்கும் அது வசதியாகிவிட்டது.

இதை வைத்து ஏமாற்று வேலை என்று தள்ளிவிடாதீர்கள். நிற்கிற சங்கிலிக்கும் பல் உண்டு. விரலை எடுத்த பிறகு இன்ஜின் ஓடுகிற வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூ கொஞ்சம் கூடுதலாகத் திருகியிருந்தால் அது நகரவும் தொடங்கும். சைலன்சர் பட்ட இடம் வெந்துபோகும். எடை வேறு. இப்படி வீசிப் பிடிக்கும் ஜக்லிங் வித்தைக்கென்றே இருக்கிற கட்டை கால் கிலோகூட வராது. சின்ன ரம்பமே மூன்று, நான்கு கிலோ. கையிலிருந்து நாலடி உயரம் வீசினால் திரும்பி வர ஒரு விநாடிதான். அதற்குள் சரியாக ஒரு சுற்று சுற்றி, கைப்பிடி கைக்கு வர வேண்டும்.

அதனால் கட்டைகள் தூக்கத்திலும் தவறாது என்கிற அளவுக்குக் கை பழகிய பிறகுதான் ரம்பம். அதுவும் சங்கிலியைக் கழற்றி, இன்ஜினை அணைத்து, புல்தரையில். அங்கே முதலில் பழகுவது கீழே போடுவதை. சுற்று கோணலாக வந்தால் தொடாமல் விலகிவிட வேண்டும். சமையலறையில் கத்தி நழுவும்போது நம் கை தானாகப் பாய்கிறதே, அந்தப் புத்தியை மாற்றத்தான் மாதக்கணக்காகிறது.

நானும் சங்கிலி இல்லாத ரம்பம் ஒன்றைத் தனியாக வீசிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வீச்சில் சாய்ந்து வந்தது. கால் இரண்டும் ஒழுங்காகப் பின்வாங்கிவிட்டன. கை மட்டும் முன்னே நீண்டிருந்தது.