மூன்றாவது முறையாக அதே சான்றிதழ்

வணக்கம். போன வீடியோ போட்டு நாலு மாதம் ஆகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து நாங்கள் தத்தெடுக்கக் காத்திருக்கிற குழந்தை வந்தாச்சா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்னும் வரவில்லை. இன்று காலை ஒரு மின்னஞ்சல்தான் வந்தது. எங்கள் இருவருடைய காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழும் காலாவதியாகப் போகிறது, புதிதாக வாங்கி அனுப்புங்கள் என்று. இது மூன்றாவது முறை. படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து கேமராவை எடுத்து வைத்திருக்கிறேன்.

எந்த நாட்டிலிருந்து, பெண்ணா பையனா, என்ன வயது என்பதெல்லாம் சொல்ல மாட்டேன். படமும் காட்ட மாட்டேன். சட்டப்படி அந்தக் குழந்தை இன்னும் எங்கள் குழந்தை ஆகவில்லை. ஆன பிறகும், அதன் கதையை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியது அந்தக் குழந்தைதான். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, இதோ இந்தக் கோப்பைப் பாருங்கள். இதன் முதல் பாதி முழுக்க ஹோம் ஸ்டடி. ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து, எங்களோடு பல மணி நேரம் உட்கார்ந்து பேசி எழுதுகிற அறிக்கை. வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என நினைத்து முதல் நாள் விடிய விடிய பெருக்கித் துடைத்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. "சின்ன வயதில் தப்பு செய்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். "குழந்தை வந்து ஒரு வருஷம் கழித்தும் உங்களை அம்மா என்று கூப்பிடவில்லை என்றால்?" என்று கேட்டார். என் கணவரைத் தனியாக உட்கார வைத்து, என்னைத் தனியாக உட்கார வைத்து, அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்களே ஒருவரையொருவர் கேட்டிராத கேள்விகள் அதில் இருந்தன. அன்று ராத்திரி இரண்டு பேரும் வெகுநேரம் தூங்காமல் பேசிக்கொண்டிருந்தோம்.

மீதிப் பாதி சான்றிதழ்கள். பிறப்பு, திருமணம், மருத்துவம், வருமானம், காவல்துறை. ஒவ்வொன்றுக்கும் நோட்டரி, அப்புறம் அப்போஸ்டில், அப்புறம் மொழிபெயர்ப்பு. அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தின்படி வைக்கிற முத்திரை. ஓர் அரசு ஆவணத்தில் இருக்கிற கையெழுத்து உண்மைதான் என்று இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்காக. என் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அதைத் திருத்தி, மறுபடி நோட்டரி, மறுபடி முத்திரை என்று இரண்டு மாதம் போய்விட்டது. நீங்கள் இந்த வழியில் இறங்கப் போகிறீர்கள் என்றால், முதல் வேலையாக எல்லா ஆவணத்திலும் உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு 22 மாதம் ஒன்றுமே இல்லை. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான்.

குழந்தையைப் பற்றிய அறிக்கை வந்த பிறகு வேறு வகைக் காத்திருப்பு தொடங்கியது. இந்த அறிக்கை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 1993இல் ஹேக் நகரில் நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கென்று ஓர் ஒப்பந்தம் உருவானது. 100க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. அதன்படி, குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்த்தாக வேண்டும். தாயின் சம்மதம் குழந்தை பிறந்த பிறகுதான் செல்லும். அந்தச் சம்மதத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கக் கூடாது. இதெல்லாம் சரிபார்த்து முடியும்வரை நாங்கள் குழந்தையைப் பெற்றவர்களை எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது. அப்புறம் தத்தெடுப்பைக் கவனிக்கிற இரண்டு நாட்டு மைய அமைப்புகளும் "மேலே போகலாம்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது 17ஆம் பிரிவு. தத்தெடுப்பு முடிந்ததும் எல்லாம் ஒப்பந்தப்படி நடந்தது என்று தருகிற சான்றிதழ் 23ஆம் பிரிவு. இந்த வழியில் இருப்பவர்கள் சந்தித்துக்கொண்டால் "பதினேழு வந்துவிட்டதா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். எங்களுக்குப் பதினேழு வந்துவிட்டது. இப்போது நீதிமன்றத் தேதிக்காகக் காத்திருக்கிறோம்.

பயம் இல்லையா என்றால், இருக்கிறது. 2018இல் எத்தியோப்பியா வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தியது. 2024இல் சீனா, நெருங்கிய உறவினர்கள் தவிர மற்றவர்களுக்கு நிறுத்திவிட்டது. குழந்தை இன்னார் என்று முடிவாகி, 2020இல் கொரோனாவால் பயணம் நின்றுபோய், நாலு வருஷமாகக் காத்திருந்த குடும்பங்களுக்கும் அதோடு கதவு மூடிவிட்டது. அந்தக் குழந்தைகளும் காத்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, 2004இல் சுமார் 23,000 குழந்தைகள் இந்த வழியில் வந்தார்கள். 2023இல் 1,275 பேர்.

இவ்வளவும் தெரிந்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. குழந்தைக்கு வீடு வேண்டும், எங்களிடம் வீடு இருக்கிறது, நடுவில் எதற்கு இத்தனை முத்திரை என்று. அந்தக் கோபம் மாறியது தென் கொரியா பற்றிப் படித்தபோது. அங்கிருந்து 1,40,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போனார்கள். வளர்ந்து பெரியவர்களாகித் தங்கள் வேர்களைத் தேடிப் போனவர்களில் பலர், தங்கள் ஆவணங்கள் பொய் என்று கண்டுபிடித்தார்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அனாதை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு குழந்தையின் அடையாளத்தை இன்னொரு குழந்தைக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். 2025 மார்ச் மாதம் அந்த நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே, அரசு இதைத் தடுக்கத் தவறியது என்று சொன்னது.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காகிதங்களும் ஒரு காலத்தில் எங்களைப் போன்ற ஒரு தம்பதியின் கைக்கு வந்தவைதான். சீக்கிரமாக வந்ததே என்று அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அதனால், "கொஞ்சம் பணம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருவார்களாமே" என்று எனக்கு எழுதியவருக்கு நேராகவே பதில் சொல்கிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். செலவுக்கும் நியாயமான கட்டணத்துக்கும் மேல் யாரும் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் கேட்கிறவர், ஏதோ ஒரு சரிபார்ப்பைத் தாண்டிப் போகத்தான் கேட்கிறார். தாண்டிப் போனது ஒரு தாயின் சம்மதமாக இருந்தால், இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வீர்கள்?

இதைச் சொல்வதால் தாமதம் எல்லாம் நியாயம் என்று ஆகிவிடாது. தாயைத் தேடிப் பார்க்க ஆறு மாதம் எடுத்துக்கொள்ளட்டும், நான் காத்திருப்பேன். ஒருவர் விடுப்பில் போனார் என்று எங்கள் கோப்பு ஒன்பது வாரம் ஒரு மேஜையில் கிடந்ததே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே ஒரு குழந்தை வளர்ந்துகொண்டிருக்கிறது. அறிக்கையில் ஒரு வரி மட்டும் சொல்கிறேன், அதை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. "தானாகச் செருப்பு போட்டுக்கொள்ளும். பொத்தான் போட வராது." அது எழுதப்பட்டு பதினொரு மாதம் ஆகிறது. இந்நேரம் பொத்தான் போடக் கற்றிருக்கும். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது நான் இல்லை.

அந்த யாரோ ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவல்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 30ஆவது பிரிவு சொல்கிறது. அது அரசுக்குச் சொன்னது. நாங்களும் எங்கள் பங்குக்கு ஒரு கடிதம் எழுதினோம். பார்த்துக்கொள்கிற அக்காவை என்ன சொல்லிக் கூப்பிடும், ராத்திரி தூங்க வைக்க என்ன செய்வார்கள், கூடவே ஒட்டிக்கொண்டு திரிகிற சிநேகிதர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு. முறைப்படி அமைப்பு வழியாகத்தான் அனுப்பினோம். அனுப்பி மூன்று வாரம் ஆகிறது.

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையம் போகிறோம், மறுபடியும் விரல் ரேகை கொடுக்க. கடிதத்துக்குப் பதில் வந்தால், அதற்காக இந்தக் கோப்பின் கடைசியில் ஓர் உறையைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். பாருங்கள், இதுதான்.