மலை ஏரியின் அடித்தளம்: தடிப்பும் காலமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மலை ஏரியில் வண்டல் படிவதை, ஆற்றுநீர் வேகம் தணிந்ததும் மண் அடியில் தங்கிவிடுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எந்தத் துகள், எந்த இடத்தில், எவ்வளவு காலம் கழித்துத் தங்குகிறது என்று கேட்டால்தான் அந்த அடித்தளத்தைச் சரியாகப் படிக்க முடியும்.

நுண்துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது, 1851-இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் வகுத்த விதியிலிருந்து பெறப்படுவது. நீர் குளிரக் குளிர அதன் பாகுநிலை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, கூடுவதால் மலை ஏரியில் இந்த வேகம் இன்னும் குறையும். அசைவற்ற 4 டிகிரி செல்சியஸ் நீரில் 100 மீட்டர் ஆழத்தை 0.1 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் மணல் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் கடந்துவிடும். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவே உள்ள அதே குவார்ட்ஸ் துகளுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பனியாறுகள் பாறையை அரைத்து அனுப்பும் மாவு போன்ற பொடி கோடை முழுவதும் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடித்து, அந்த ஏரிகளுக்குப் பச்சை கலந்த நீலநிறத்தைத் தருவதும் இதனால்தான்.

அப்படியானால் களிமண் எப்போதுதான் படிகிறது? ஒரு பகுதி படியாமலே ஏரியின் வெளிவாயில் வழியாகப் போய்விடுகிறது. எஞ்சியவற்றில் கணிசமான பகுதி தனித்தனித் துகளாக இறங்குவதில்லை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகின்றன, அல்லது நீரில் வாழும் சிற்றுயிர்கள் அவற்றை விழுங்கிக் கழிவுருண்டைகளாக வெளியேற்றுகின்றன. பெரிதாகிவிட்டதால் இவை விரைந்து இறங்குகின்றன. குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்து, காற்றின் கலக்கம் நின்று, ஆற்று வரத்தும் குறைந்துவிட்ட பிறகு இந்த நுண்மண் அமைதியாகப் படிகிறது. கோடையின் பருத்த வெளிர் அடுக்கின் மீது குளிர்காலத்தின் மெல்லிய கரிய அடுக்கு சேர்ந்தால் அது ஓர் ஆண்டின் வரி. இத்தகைய வரிகளை எண்ணிக் காலத்தைக் கணிக்கும் முறையை, பழைய பனியாற்று ஏரிகளின் படிவுகளைக் கொண்டு சுவீடனில் உருவாக்கியவர் ஜெரார்ட் டி கீர்.

இதுவரை சொன்னது மேலிருந்து கீழே விழும் துகளைப் பற்றியது. மலை ஏரியிலோ பெரும்பகுதி மண் பக்கவாட்டில் வந்து சேர்கிறது. 12 டிகிரி வெப்பமுள்ள ஆற்றுநீர், 4 டிகிரி ஏரிநீரைவிட இலேசானது. ஆயினும் லிட்டருக்கு ஒரு கிராம் மண் அதில் கலந்துவிட்டால் அதுவே கனமாகி ஏரியின் அடிக்கு மூழ்கி, சரிவு வழியே ஆழத்தை நோக்கி ஓடும். சுவிட்சர்லாந்து-பிரான்சு எல்லையிலுள்ள ஜெனீவா ஏரிக்குள், அதில் வந்து கலக்கும் ரோன் ஆற்றின் முகத்திலிருந்து தொடங்கி நீருக்கடியில் நீளும் பள்ளத்தை, 1880-களில் பிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபோரெல் இத்தகைய கனத்த ஆற்றுநீரின் அடியோட்டத்தைக் கொண்டு விளக்கினார். கரையில் நின்று பார்ப்பவருக்குத் தெளிந்த நீர். அடியிலோ மணலும் வண்டலும் ஏரியின் நடுவரை போய்க்கொண்டிருக்கும். ஏரியியலின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

இங்கேதான் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இருக்கிறது: படிவின் தடிப்பைக் காலத்தின் அளவாகக் கொள்ளக்கூடாது. ஆண்டு வரிகள் மில்லிமீட்டர் கணக்கில் சேரும் அதே ஏரியில், ஒரு பெருவெள்ளமோ நிலநடுக்கமோ கரைச்சரிவோ ஒரே நாளில் தடித்த அடுக்கை இட்டுவிடும். கி.பி. 563-இல் ரோன் பள்ளத்தாக்கில் ஒரு மலைச்சரிவு நிகழ்ந்து, ஜெனீவா ஏரியில் பேரலை எழுந்தது. அந்நிகழ்வோடு தொடர்புடையதாக 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று அடையாளம் கண்ட படிவு, 10 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, சராசரியாக 5 மீட்டர் தடித்திருக்கிறது. அதை ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வகுத்தால் ஆயிரக்கணக்கான பொய்யான ஆண்டுகள் கிடைக்கும்.

ஆகவே ஏரியடியில் குழாய் இறக்கி மாதிரி எடுப்பவர்கள் ஆற்றுமுகத்தை விட்டு விலகி, சமதளமான ஆழ்பகுதியில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுக்க வேண்டும். அண்மைக் கால அடுக்குகளின் ஆண்டை அறியச் சான்றாக, வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் 1963-இல் உச்சம் தொட்ட கதிரியக்கப் பொருளான சீசியம்-137, ஐரோப்பிய ஏரிகள் பலவற்றில் 1986-ஆம் ஆண்டுச் செர்னோபில் விபத்தின் சீசியம், ஏறத்தாழ 22 ஆண்டு அரை ஆயுள் கொண்ட, அதாவது அந்தக் காலத்தில் பாதியாகத் தேயும் கதிரியக்கக் காரீயம்-210 ஆகியவை உள்ளன. வரிகளின் எண்ணிக்கை இவற்றோடு பொருந்தாதபோது, எந்த அடுக்கு ஓர் ஆண்டுக்கு உரியது, எது ஒரு நாளுக்கு உரியது என்பதை மாதிரியில் மறுபடியும் பார்த்தாக வேண்டும்.