கீபோர்டின் முதுகைப் பாருங்கள்

வணக்கம். ஸ்பீக்கரோடு வருகிற கீபோர்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. பதினைந்து நிமிடம் என்றார்கள். கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் பதினைந்து நிமிடம் இரண்டு பாட்டுக்கே போதாது. மைக்குக்கு முன்னால் எப்படி என்று பார்ப்போம்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. பகலில் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி. லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை, கழித்துப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சாயங்காலமும் சனி ஞாயிறும் கீபோர்ட். தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில் ஆர்மோனியப் பெட்டியோடு தொடங்கினேன். பிறகு பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணம் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னைக் 'கீபோர்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன மாதம் பஜனை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, ஸ்பீக்கரோடு வருகிற கீபோர்ட் ஒன்று வாங்கப் போகிறேன். எத்தனை வாட் இருந்தால் கல்யாணத்துக்கு வாசிக்கலாம்?" என்றான். எத்தனை வாட் இருந்தாலும் அதை மட்டும் வைத்துக் கல்யாணத்துக்கு வாசிக்க முடியாது தம்பி என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் விளக்க முடியவில்லை. தம்பி, இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், மீதி இதோ.

வாட் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். காசியோ சிடி-எக்ஸ்700 என்ற சின்ன கீபோர்டில் இடது, வலது என்று பக்கத்துக்கு 2.5 வாட். அதே வரிசையில் பெரியது சிடி-எக்ஸ்5000, அதில் பக்கத்துக்கு 15 வாட். ஆறு மடங்கு. கடையில் அட்டையைப் படிக்கும்போது ஆறு மடங்கு சத்தம் என்றுதானே நினைப்போம்? காது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று நமக்குப் படுவதற்கே வாட் ஏறக்குறைய பத்து மடங்கு ஏற வேண்டும். ஆறு மடங்கு வாட் கொடுத்தும் இரண்டு மடங்குச் சத்தம்கூட வரவில்லை. வித்தியாசம் இல்லை என்று சொல்லவில்லை, பெரிய ஸ்பீக்கரில் அடிநாதம் நன்றாகவே வரும். ஆனால் அட்டையில் போட்டிருக்கிற எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் தூரம். கோயில் திடல் மாதிரித் திறந்த வெளியில், தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கிற அளவு. ஒரு மீட்டரில் நிற்பவருக்குக் கேட்பதைவிட எட்டு மீட்டரில் நிற்பவருக்கு 18 டெசிபல் குறைவு. நடுவில் நான்கு வரிசை நாற்காலி, நாற்காலியில் ஆட்கள், ஆட்கள் மடியில் பிள்ளைகள். அந்தப் பக்கம் உறுமி மேளம் இறங்கிவிட்டால் எந்தக் கீபோர்ட் ஸ்பீக்கரும் வாய் திறக்க முடியாது. உறுமிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பிறகு எதற்கு அந்த ஸ்பீக்கர் என்று கேட்பீர்கள். இசைக்குழுப் பையன்கள் பலர் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரே கிடையாது, தூக்கவும் லேசு. அவர்களுக்கு எப்போதும் சவுண்ட் சிஸ்டம் கூடவே வரும், அவர்களுக்கு அது சரி. நம்மைப் போன்றவர்களுக்கு அப்படியா? வெள்ளிக்கிழமை வீட்டுப் பூஜை, தோட்டத்து லயவீட்டு வாசலில் பிறந்தநாள், தமிழ்ப்பள்ளியில் ஒத்திகை. இருபது முப்பது பேர் கூடுகிற இடம். அங்கே பாக்ஸ், மிக்சர், வாயர் எல்லாம் இழுத்துக்கொண்டு போனால் வீட்டுக்காரர்களுக்கு உட்கார இடம் இருக்காது. அந்த மாதிரி இடத்துக்கு உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் தாராளமாகப் போதும்.

பெரிய மண்டபத்தில் அதற்கு வேறு ஒரு வேலை உண்டு. பலர் இதை யோசிப்பதே இல்லை. மண்டபத்தில் சவுண்ட் சிஸ்டம்காரர் பாடுவது பாடகருக்கே கேட்க, அவர் முன்னால் ஒரு மானிட்டர் பாக்ஸ் வைப்பார். அறிவிப்பாளருக்கு ஒன்று கேட்டால் அதுவும் வைப்பார். கீபோர்ட் வாசிப்பவரை மூலையில் உட்கார வைத்துவிட்டு மறந்துபோவார். பெரிய ஒலிபெருக்கி எல்லாம் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நிற்கும். நாம் வாசிப்பது நமக்கே கேட்காது. அப்போது கீபோர்டில் இருக்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான் நம் காதுக்குத் துணை. ஜனங்களுக்குப் பெரிய பாக்ஸ், நமக்கு இந்தச் சின்ன ஸ்பீக்கர். அதற்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

சரி, அந்தத் துணை கடைசி வரை கூட இருக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கீபோர்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்க வேண்டும். பொண்ணு பார்க்கப் போனால் முகத்தைப் பார்ப்பார்கள், கீபோர்ட் பார்க்கப் போனால் முதுகைப் பாருங்கள் என்று நான் சொல்வதைக் கேட்டு என் வீட்டில் சிரிப்பார்கள். சின்ன கீபோர்டுகள் பலவற்றில் ஒரே ஒரு துளைதான் இருக்கும், ஹெட்போனுக்கும் அதுதான், வெளியே சத்தம் எடுக்கவும் அதுதான். அதில் வாயரைச் செருகியவுடன் உள் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். ஹெட்போன் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மண்டபத்தில் நமக்குத் துணை வேண்டிய நேரத்தில் அதே ஏற்பாடு காலை வாரிவிடுகிறது.

தனியாக 'லைன் அவுட்' என்று இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று துளை இருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. வெளியேயும் போகும், உள்ளேயும் கேட்கும். யமஹாவில் பிஎஸ்ஆர்-இ373க்கு ஒரே துளை, இ473க்குத் தனித் துளைகள் உண்டு. காசியோவில் நான் சொன்ன எக்ஸ்5000க்கு உண்டு. விலை வித்தியாசத்தைப் பார்த்ததும் வாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அந்தத் துளைகளுக்குத்தான் காசு கொடுப்பேன்.

ஒரே துளைதான் இருக்கிறது, அதைத்தான் வாங்க முடியும் என்றாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். அது ஸ்டீரியோ துளை, இடது வலது இரண்டு சத்தமும் அதில் வரும். சவுண்ட் சிஸ்டம்காரர் கித்தாருக்குப் போடுகிற மோனோ பிளக்கை, அதாவது ஒரு சத்தம் மட்டும் போகிற பிளக்கைக் கொண்டுவந்து அதில் செருகினால் வலது பக்கம் அப்படியே செத்துவிடும். சில டோன், அதாவது சில வாத்தியச் சத்தம், பாதிதான் கேட்கும், வாசிக்கிறவர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். சரியான வாயரை நாமே பையில் எடுத்துப் போக வேண்டும். என் பையில் எப்போதும் இரண்டு இருக்கும்.

இப்போது ஒரு கதை. நேரம் இருக்கிறதா? இருக்கிறது என்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண விருந்து. சாப்பாட்டுக்கு முன் மூன்று பாட்டு முடிந்தது. பிறகு வாழ்த்துரை. மாப்பிள்ளையின் பெரியப்பா மைக்கைப் பிடித்தார். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய தாத்தாவில் ஆரம்பித்தார். கப்பல் பினாங்குக்கு வந்து சேரவே பத்து நிமிடம் ஆனது. அப்புறம் பால்மரம், பெரட்டு, துரை, லயம், தாத்தா வாங்கிய முதல் சைக்கிள், அந்தச் சைக்கிள் தொலைந்த கதை. ஜனங்கள் ரசித்துத்தான் கேட்டார்கள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். சைக்கிள் திரும்பக் கிடைத்த இடத்தில் எனக்குக் கண்கூடக் கலங்கியது. கீபோர்டைப் பார்க்கவே இல்லை.

பேச்சு முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த பாட்டு என்று அறிவிப்பாளர் சொல்ல, பாடுகிற அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கை வைத்தேன். சத்தமே இல்லை. திரை இருட்டு. அரை மணி நேரம் யாரும் தொடவில்லை என்றால் தானாக அணைந்துவிடும் வசதி அதில் இருந்திருக்கிறது. மின்சாரம் மிச்சமாம்! பதறிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன், திரை வந்தது, அப்பாடா என்று ஆரம்பித்தேன்.

அங்கேதான் வினையே. அண்ணன் ஒன்றரைக் கட்டைக்காரர். ஆர்மோனியத்தில் பழகியவர்களுக்குக் கட்டை என்றால் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வெள்ளைக்காரர் சி என்று சொல்வது நமக்கு ஒரு கட்டை, அதற்குப் பக்கத்துக் கறுப்பு ஒன்றரைக் கட்டை, டி இரண்டு கட்டை, இப்படியே போகும். எஃப் நாலு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. என் கை சி-யில் பழகியது. டிரான்ஸ்போஸ் என்கிற சுருதி மாற்றும் வசதியில் ஒன்று ஏற்றி வைத்துவிட்டுச் சி-யிலேயே வாசிப்பேன், அது ஒன்றரைக் கட்டையாகக் கேட்கும். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். கீபோர்ட் அணைந்து எழுந்தபோது அந்த ஒன்று பூஜ்யமாகிவிட்டது. அண்ணன் மனத்தில் இருந்த சுருதியில் எடுக்க, நான் ஒரு கட்டையில் வாசிக்க, இரண்டுக்கும் நடுவே அரைக் கட்டை. முழுசாக இரண்டு கட்டை தள்ளியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். அரைக் கட்டை இருக்கிறதே, பல் கூசும். மணப்பெண் முகத்தை இன்னும் மறக்கவில்லை. பெரியப்பா மட்டும் சந்தோஷமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

தவறு என் மேல்தான், புத்தகத்தைப் படிக்கவில்லை. இந்தத் தானாக அணையும் ஏற்பாடு இப்போது பெரும்பாலான கீபோர்டுகளில் உண்டு. வாங்கிய அன்றைக்கே அதை நிறுத்துங்கள். யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசையில் இடது ஓரத்துக் கடைசிக் கீயை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் நின்றுவிடும். இன்னொரு முறை சொல்கிறேன், இடது ஓரத்துக் கடைசிக் கீ. மற்றவற்றில் மெனுவுக்குள் இருக்கும், தேடிப் பிடியுங்கள். நம் கல்யாணங்களில் அரை மணி நேரத்துக்குள் வாழ்த்துரை முடியும் என்று எந்த நம்பிக்கையும் வைக்க வேண்டாம்.

அதனால் கடையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, டிரான்ஸ்போஸ் எத்தனை அழுத்தில் மாறுகிறது என்பது. சிலவற்றில் அதற்கென்றே பட்டன் இருக்கும், ஓர் அழுத்து போதும். இ373 மாதிரிச் சின்னவற்றில் ஃபங்ஷன் என்ற பட்டனை அழுத்தி உள்ளே போய் எண்ணை மாற்ற வேண்டும். ஒன்றரைக் கட்டை அண்ணன் இறங்கி ஐந்தரைக் கட்டைத் தங்கச்சி மேடை ஏறும் இடைவெளியில் அதைச் செய்து பாருங்கள், தெரியும்.

கமகம் வேண்டுமென்றால் ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இ373ல் இல்லை, இ473ல் உண்டு. ஆர்மோனியத்தில் அது இல்லாமல்தானே வாசித்தோம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் ஒரு முறை நாதஸ்வர டோனில் அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தவர் திரும்பி வரமாட்டார்.

எடைக்கு வருகிறேன். எடை என் தொழில், விடமாட்டேன். இ373 ஏறக்குறைய 4.6 கிலோ. அதே யமஹாவின் எஸ்எக்ஸ்900 சுமார் 11.5 கிலோ. டோன் எல்லாம் அருமை, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தனியாகக் காரில் ஏற்றி, தனியாக இறக்கி, சேலையோடு மண்டபத்துப் படி ஏறுகிறவளுக்கு ஏழு கிலோ வித்தியாசம் என்றால் என்ன என்று அட்டையில் எழுதியிருக்காது. ஆரம்ப காலத்தில் என் தம்பி மோட்டார் ஓட்ட, பின்னால் நான் கீபோர்டைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போவோம். செம்மண் சாலையில் எதிரே லோரி வந்தால் இரண்டு பேரும் முருகா என்போம். 61 கீ கீபோர்ட் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், பழைய கான்சில் காரின் பின் சீட்டிலேயே படுத்துக்கொள்ளும். 76 கீக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் காரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அடாப்டரைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். யமஹாவின் சின்ன கீபோர்டுக்கு 12 வோல்ட், பிளக்கின் நடுவில் பிளஸ். பழைய காசியோக்களுக்கு 9 வோல்ட், நடுவில் மைனஸ். முனை நுழைகிறதே என்று ஒன்றை எடுத்து மற்றதில் செருகி ஒரு நல்ல கீபோர்டைக் கெடுத்தவள் நான்தான். அடாப்டரில் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதி வையுங்கள்.

பழைய கீபோர்ட் வாங்குகிறவர்கள் எல்லாக் கீயையும் ஒவ்வொன்றாக, மெதுவாக ஒரு முறை, பலமாக ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து இடது ஓரத்துக் கீயை அழுத்துங்கள், காகிதம் கிழிகிற மாதிரிக் கேட்டால்...

ஒரு விரல் காட்டுகிறார்கள். ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லவே இல்லையே! தம்பி, உட்கார்ந்து வாசிப்பதாக இருந்தால் எக்ஸ் மாதிரி இருக்கிற ஸ்டாண்டை வாங்காதே, முட்டி இடிக்கும். கீபோர்டை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பஜனைக்கு வா, முதுகை நான் பார்க்கிறேன். வணக்கம்.